செவ்வாய்க்கிழமை அச்சான தாள்

தியெப்,
1672 ஜனவரி 30, சனிக்கிழமை

என் கணவர் மத்தூரின் அவர்களுக்கு, பெரெத் எழுதுவது.

நானும் குழந்தையும் அக்கா புளாஞ்ச் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் பனி. சுசோனுக்கு வண்டியிலேயே இருமல் பிடித்துவிட்டது. நேற்றைவிட இன்று பரவாயில்லை. உங்கள் சட்டைகளைத் துவைத்து மாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உப்பிட்ட பன்றி இறைச்சி பரண் கொக்கியில் தொங்குகிறது. மேலே தேடாமல் அடுப்படியிலேயே தேடிவிட்டு, இல்லை என்று சொல்லாதீர்கள்.

சொல்லாமல் போய்விட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சொல்லிவிட்டுப் போக நீங்கள் வீட்டில் இருந்தீர்களா? யார் யாரோ பெரிய மனிதர்கள் உங்களை விருந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கண்ணாடி ஜாடியைச் சமையலறை அலமாரியில், என் மாவுப் பானைக்குப் பக்கத்தில், வைத்துவிட்டுப் போனீர்கள். சுசோன் நாற்காலியில் ஏறி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பாப்பா தண்ணிக்குள்ள தூங்குது. எழுப்பட்டுமா?" என்று கேட்டாள். அன்றைக்கே மூட்டை கட்டினேன்.

நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஊரில் இப்போது அதை வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அதனால் ஒரு முறை எழுதிவைக்கிறேன். எஜமானரின் வெள்ளிக் கரண்டிகளைத் திருடினாள் என்று வேலைக்காரி ஜிலெத்துக்குத் தூக்கு விதித்தார்கள். அவள் தன் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றாள். பிள்ளை இருந்தால் பிரசவம் ஆகும் வரை தூக்கு இல்லை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மருத்துவச்சிகள் இருவர், மாரியோனும் நானும், சிறைக்குப் போய்ச் சோதித்தோம். பிள்ளை இல்லை என்று புதன்கிழமை கையெழுத்துப் போட்டோம். சனிக்கிழமை தூக்கிலிட்டார்கள். திங்கட்கிழமை உடற்கூறு மண்டபத்தில், முந்நூறு பேர் முன்னால், நீங்கள் அவளை அறுத்தீர்கள். உள்ளே நான்கு மாதத்துப் பிள்ளை இருந்தது.

இதில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போடும் முன் நான் உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் பதில் சொன்னீர்கள்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி நீதிபதி விசாரிக்கப் போகிறாராம். அங்கே எழுந்து நின்று, "என் மனைவிக்கு அப்படிச் சொன்னது நான்தான்" என்று சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த ஜாடியில் இருப்பதை அதன் தாயிடம் கொண்டுபோய்ப் புதையுங்கள். இரண்டும் நடந்தால் நானும் சுசோனும் மறுநாளே வண்டி ஏறுகிறோம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி
பெரெத்


ரூவான்,
பிப்ரவரி 6

என் செல்லப் பெரெத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுசோனின் இருமலுக்குத் தேனில் கொஞ்சம் அதிமதுரம் குழைத்துக் கொடு. நெஞ்சில் வாத்துக் கொழுப்புத் தடவு. இறைச்சி பரணில்தான் இருந்தது. நீ சொல்லும் முன்பே கண்டுபிடித்துவிட்டேன், இரண்டு நாள் ரொட்டியும் வெங்காயமுமாகத் தின்ற பிறகு.

கோபத்தில் எழுதியிருக்கிறாய். பெண்களுக்குச் சில சமயம் இப்படி மனம் கலங்கும், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? நம் தெருவில் ஒரே நாளில் மூன்று வைத்தியர்களின் வண்டிகள் நின்றன. நேற்று வரை என்னைச் சவரக்காரன் என்று கூப்பிட்டவர்கள். ஜாடியை விளக்குக்கு நேராகப் பிடித்து அரைமணி நேரம் பார்த்தார்கள். நல்ல பிராந்தியில் வைத்திருப்பதால் விரல் நகம்கூடத் தெரிகிறது. அரண்மனை வைத்தியர் ஒருவருக்கு என் படங்களை அனுப்பப் போகிறார்களாம். என் புத்தகத்துக்கு அச்சு அனுமதி கிடைத்துவிடும் போலிருக்கிறது. இருபது வருஷம் காத்திருந்தேன், பெரெத்.

விசாரணையைப் பற்றிக் கவலைப்படாதே. எழுத்தரிடம் பேசிவிட்டேன். சான்றில் முதல் கையெழுத்து மாரியோனுடையது. நீ இளையவள், மூத்தவள் சொன்னதைச் செய்தாய் என்று எழுதிக்கொள்வார்கள். உன்மேல் ஒரு சொல் வராது. மாரியோனுக்கு வயதாகிவிட்டது. எப்படியும் இன்னும் இரண்டொரு வருஷத்தில் தொழிலை விடப்போகிறவள்தானே.

ஜாடியை மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். இனி சுசோன் கண்ணில் படாது. கிளம்பி வா. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன்னையே நினைத்திருக்கும்
மத்தூரின்


தியெப்,
பிப்ரவரி 12

அறுவை வைத்தியர் மத்தூரின் வொக்லேன் அவர்களுக்கு,

சுசோனுக்கு இருமல் நின்றுவிட்டது.

மூத்தவள் சொன்னதை நான் செய்தேனா? அன்று நடந்ததை நீங்கள் கேட்டதே இல்லை. இப்போது கேளுங்கள்.

சிறையில் ஜிலெத் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, எஜமானி வந்தால் நிற்பதுபோலக் கையைத் துடைத்துக்கொண்டாள். மாரியோன் முதலில் சோதித்தாள். வயிற்றை அமுக்கினாள், விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "அடி பெரெத், கர்ப்பப்பை ஒரு கைப்பிடி மேல ஏறியிருக்குடி. எனக்கு நல்லாப் படல. நீ பாரு" என்றாள். நானும் பார்த்தேன். என் கைக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அவள் பாவாடையில் ரத்தம் இருந்தது. சிறைக்காவலனின் பெண்டாட்டி, "மாசாமாசம் வருதும்மா இவளுக்கு. போன மாசமும் நான்தான் துணி குடுத்தேன். புள்ளயாவது ஒண்ணாவது, தூக்குக்குப் பயந்து அளக்குறா" என்றாள்.

ஜிலெத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ரத்தம் வருதுதான். இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள இருக்கும்மா. எனக்குத் தெரியாதா? காலையில பறவை படபடக்கிற மாதிரி இருந்துது." மாரியோன் அவளிடம், "யாருடி அப்பன்?" என்று கேட்டாள். அவள் சொல்லவில்லை. "கரண்டியத் தேடின வீட்டுலயே தேடிக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாரியோன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். ஒரு மாதம் தள்ளிப்போட்டு மறுபடி பார்க்கலாம் என்றாள். நான்தான், "என் வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வர்றேன் அக்கா, அவரு உடம்ப உள்ளாற பாத்தவரு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். நீங்கள் அடுப்படி மேசையில் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தீர்கள். சாணைக்கல்லிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ரத்தம் வருதுன்னா புள்ள இல்ல. அவ்வளவுதான். இதுல என்ன சந்தேகம்?" என்றீர்கள். "கர்ப்பப்பை மேல ஏறியிருக்கே" என்றேன். "காத்து அடைச்சிருக்கும். பெரெத், அந்தக் கிழவி பேச்சக் கேட்டுக்கிட்டு என் நேரத்த வீணாக்காத" என்றீர்கள். "ஒரு தடவ நீங்களே வந்து கை வெச்சுப் பாக்கக் கூடாதா?" என்றேன். "நான் எதுக்குடி பாக்கணும், இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்" என்றீர்கள். நான் திரும்பி ஓடினேன். மாரியோனை நச்சரித்துக் கையெழுத்துப் போட வைத்தேன். அவள் பேனாவை இரண்டு முறை மையில் தோய்த்தாள். "உன் புருஷன் சொன்னா சரிதான், அவரு பாத்தவரு" என்றாள்.

நீங்கள் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. மண்டபத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து இலத்தீன் புத்தகம் படிக்கும் பேராசிரியரை இத்தனை வருஷம் கேலி செய்தீர்களே, "அவரு படிப்பாரு, நாங்க பாப்போம்" என்று. அன்று அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். என் சமையலறையில், கையில் கத்தியோடு.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டைகளை எடுத்து வைக்கும்போது உங்கள் மேலங்கிப் பையில் மடித்த தாள் ஒன்று கிடைத்தது. உடற்கூறு காட்சிக்கான அறிவிப்பு. மண்டபக் கதவில் ஒட்டுவது. "பெண்ணுடல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கீழே அச்சுக்காரரின் தேதி: ஜனவரி பன்னிரண்டு, செவ்வாய். நாங்கள் அவளைச் சோதித்தது புதன்கிழமை. நான் உங்களிடம் வந்து கேட்டதற்கு முதல் நாளே அவள் உங்களுக்கு உடலாகிவிட்டாள். நான்கு குளிர்காலமாகப் பெண்ணுடல் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தீர்களே, உடலை அறுக்கும் நாட்களுக்கு வாங்கும் தவிடும் புளிக்காடியும்கூட முன்னமே வந்து இறங்கியிருந்தன. அப்போது எனக்குப் புத்தியில் உறைக்கவில்லை.

தாள் என்னிடம் இருக்கிறது.

பெரெத்


ரூவான்,
பிப்ரவரி 24

பெரெத்,

பதில் எழுதவே கூடாது என்று இருந்தேன்.

விசாரணை முடிந்தது. மாரியோன் இனி இந்த ஊரில் பிரசவம் பார்க்கக் கூடாது. தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு அன்று கோயில் வாசலில் வெறுங்காலோடு, கையில் மெழுகுவர்த்தியோடு, பூசை முடியும் வரை நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் பெயர் வரவில்லை. நான் பேசவில்லை. பேசச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

நீ நீதிபதிக்குத் தனியாக எழுதிய கடிதத்தை எழுத்தர் என்னிடமே கொடுத்துவிட்டார். மனைவி எழுதியது கணவனிடம்தான் சேர வேண்டும் என்றார். அடுப்பில் போட்டேன்.

நீ என்னைக் கொலைகாரன் என்கிறாய். அந்தச் சொல்லை எழுதவில்லை, ஆனால் எல்லா வரியிலும் அதுதான் இருக்கிறது. தாள் செவ்வாய்க்கிழமை அச்சானது உண்மைதான். தீர்ப்பு வந்துவிட்டது, உடல் நமக்குத்தான் என்று அறுவை வைத்தியர் சங்கத்தில் சொன்னார்கள். பனிக்காலம் போய்விட்டால் உடல் இரண்டு நாள் தாங்காது. எல்லோரும் அப்படித்தான் முன்கூட்டியே அச்சடிப்பார்கள். அவள் வயிற்றைக் காட்டுவாள் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. உன் கதையை நான் கேட்டேன், என் கதையை நீ கேள். பேராசிரியர் மேலே நாற்காலியில். நான் கீழே மேசையில். அவர் இலத்தீனில் படிக்கப் படிக்க நான் அறுத்துக் காட்ட வேண்டும். கர்ப்பப்பை வந்தது. அவர், குழந்தை பெறாத பெண்ணின் கர்ப்பப்பை பேரிக்காய் அளவு என்று படித்தார். என் கையில் இருந்தது பேரிக்காய் இல்லை. திறந்தேன். நீர் வழிந்தது. கை, கால், எல்லாம். என் உள்ளங்கையில் கிடந்தது. முந்நூறு பேரும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். மேலே அவர் நிறுத்தவே இல்லை, பெரெத். பேரிக்காய் அளவு, உள்ளே வெற்றிடம், என்று படித்துக்கொண்டே போனார். நான் கையை உயர்த்திக் காட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

நான் லூவியேவில் ஒரு நாவிதன் மகன். ஒன்பது வயதில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று சவரம் செய்தேன். பதினெட்டு வயதில் படையோடு போனேன். வெட்டுப்பட்டவன் வயிற்றைத் தைக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வயிறுகள்தான் சொல்லித்தந்தன. எனக்கு இலத்தீன் வராது. அதனால் நான் எழுதிய எதையும் அவர்கள் படிக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாக என் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். இப்போது நான் எழுந்து, தப்பாகச் சொன்னவன் நானே என்றால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "சவரக்காரன்தானே" என்பார்கள். படங்கள் குப்பைக்குப் போகும். புத்தகம் வராது.

ரத்தம் வந்தால் பிள்ளை இல்லை என்று நான் சொன்னேன். சரி, சொன்னேன். எல்லா வைத்தியனும் அதைத்தான் சொல்வான். அவர்கள் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. உனக்குக் கையில் வேறு மாதிரிப் பட்டது என்றால் நீ ஏன் கையெழுத்துப் போட்டாய்?

மத்தூரின்


தியெப்,
மார்ச் 20

மத்தூரின் அவர்களுக்கு,

ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டிருந்தீர்கள். உங்களை நம்பினேன். வேறு காரணம் இல்லை. இனி அந்தத் தப்பை ஒரு நாளும் செய்ய மாட்டேன்.

போன ஞாயிறு நான் ரூவானுக்கு வந்திருந்தேன். உங்களுக்கு யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். கோயில் படியில் மாரியோன் வெறுங்காலோடு நின்றாள். கல்லில் இன்னும் உறைபனி இருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். சொந்தமாக ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். "ஏண்டி, உனக்குப் பைத்தியமா? உன் பேரத்தான் எழுதலையே, போடி வீட்டுக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எழுதலைன்னா என்ன அக்கா, என் கை எனக்குத் தெரியாதா?" என்றேன். மீன்காரி ஒருத்தி எங்கள்மேல் எச்சில் துப்பினாள். இன்னொருத்தி, "அறுவை வைத்தியர் பொண்டாட்டியாமே, அவரு நல்லவரு, இவளப் போயி கட்டிக்கிட்டாரு பாரு" என்றாள். மாரியோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

ஆனால் நான் எழுத வந்தது இதை இல்லை.

அந்தப் படியில் நிற்கும்போது என் வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. முதலில் குளிர் என்று நினைத்தேன். மறுபடி அசைந்தது. சுசோனைச் சுமந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. நான் அசையாமல் நின்றேன். மாரியோன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெழுகுவர்த்தியை இடது கைக்கு மாற்றி, எல்லோர் கண் முன்னாலும் வலது கையை என் வயிற்றில் வைத்தாள். "நாலு மாசம்டி" என்றாள்.

எனக்கு டிசம்பரில் ரத்தம் வந்தது. ஜனவரியில் வந்தது. பிப்ரவரியில் வந்தது. ஒவ்வொரு முறையும் மூன்று நாள். ஜனவரி பதின்மூன்று, புதன்கிழமை, ஜிலெத்தின் வயிற்றில் கை வைத்தபோது எனக்கும் துணி கட்டியிருந்தது. அந்தச் சிறையறையில் ரத்தம் வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் இருந்தோம். இருவர் வயிற்றிலும் பிள்ளை இருந்தது. ஒருத்தியைத் தூக்கிலிட இன்னொருத்தி கையெழுத்துப் போட்டாள்.

நான் கரண்டி திருடியிருந்தால் எனக்கும் சான்று கொடுத்திருப்பீர்கள். கத்தியைத் தீட்டிக்கொண்டே.

பெரெத்


ரூவான்,
மார்ச் 28

என் உயிருக்கு உயிரான பெரெத்துக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நமக்கு இன்னொரு பிள்ளை. தினமும் கொஞ்சம் ஆப்பிள் மது குடி, தவக்காலம் என்று பட்டினி கிடக்காதே, பாதிரியாரிடம் நான் அனுமதி வாங்கித்தருகிறேன்.

பெரெத், நீ எனக்கு என்ன கொடுத்திருக்கிறாய் என்று உனக்கே தெரியாது. ஒரு ஜிலெத் என்றால் வைத்தியர்கள், அது ஏதோ விதிவிலக்கு, சிறைக்காவலன் பெண்டாட்டி பொய் சொன்னாள் என்பார்கள். ஆனால் சத்தியம் செய்த மருத்துவச்சியே, தன் உடம்பிலேயே, தேதியோடு சொன்னால் யார் மறுக்க முடியும்? அந்த நாற்காலிப் புத்தகத்தை இந்த ஒரு அத்தியாயத்தில் கவிழ்த்துவிடுவேன். இனி எந்த ஊரிலும் ரத்தத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணியைத் தூக்கிலிட மாட்டார்கள். இது நல்ல காரியம் இல்லையா?

கீழே உள்ளதற்கு எல்லாம் பதில் எழுது. ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதி? எத்தனை துணி? நிறம் வெளிறியதா, கருஞ்சிவப்பா? வாந்தி உண்டா? மார்பில் வலி எப்போது? முடிந்தால் ஈஸ்டருக்குப் பிறகு வா. இரண்டு வைத்தியர்கள் முன்னால் உன்னை ஒரு முறை சோதித்தால் போதும். திரைக்குப் பின்னால்தான். உன் பெயரைப் போட மாட்டேன். "ரூவானைச் சேர்ந்த கண்ணியமான ஒரு பெண்" என்று மட்டும் எழுதுவேன். ஜிலெத்தைப் பற்றிய பக்கத்தில் "மருத்துவச்சிகளின் அறியாமையால்" என்று இருக்கிறது. அது உனக்கு வருத்தம் என்றால் "மருத்துவச்சி ஒருத்தியின்" என்று மாற்றிவிடுகிறேன்.

அன்பு முத்தங்களுடன்
உன் மத்தூரின்


தியெப்,
ஏப்ரல் 9

அறுவை வைத்தியருக்கு,

எத்தனை துணி என்று கேட்டிருந்தீர்கள். படித்துவிட்டு, அடுப்படியில் இருந்த அக்காவின் சட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். மனதுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. அக்கா, "ஏண்டி, அந்த மனுஷன் மண்டையில போட வேண்டியத என் சட்டியில போட்டியே" என்றாள்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஒன்று மட்டும் நீங்கள் சொன்னது சரி. இது அச்சில் வர வேண்டும். வந்தால் இன்னொருத்தி சாக மாட்டாள். அதனால் உங்கள் புத்தகத்தில் எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதித் தருகிறேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

"அவதானம். ரூவானைச் சேர்ந்த பெரெத், இருபத்தாறு வயது, சத்தியம் செய்த மருத்துவச்சி, அறுவை வைத்தியர் மத்தூரின் வொக்லேனின் மனைவி. கர்ப்பமாக இருந்தபோதே டிசம்பர் பதினாறு, ஜனவரி பன்னிரண்டு, பிப்ரவரி ஒன்பது ஆகிய தேதிகளில் தொடங்கி மும்மூன்று நாள் ரத்தப்போக்கு. வழக்கத்தைவிடக் குறைவு, நிறம் வெளிறியது. வாந்தி இல்லை. மார்ச் பதின்மூன்று அன்று குழந்தை அசைந்தது.

"அவதானம். வேலைக்காரி ஜிலெத், பத்தொன்பது வயது. இவளுக்கும் அப்படியே. ஜனவரி பதின்மூன்று அன்று மருத்துவச்சி மாரியோன் கையால் தொட்டு, கர்ப்பமாக இருக்கலாம், ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றாள். அவள் சொன்னதே சரி. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, இந்தப் புத்தகத்தை எழுதும் மத்தூரின் வொக்லேன், தன் வீட்டுச் சமையலறை மேசையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது, அவளைப் பார்க்காமலேயே, ரத்தம் வந்தால் பிள்ளை இல்லை என்று தன் மனைவியிடம் சொன்னார். மனைவி தன் கையை நம்பாமல் அவரை நம்பிக் கையெழுத்திட்டாள். பதினாறாம் தேதி ஜிலெத்தைத் தூக்கிலிட்டார்கள். பதினெட்டாம் தேதி அவள் வயிற்றில் ஆண் குழந்தை காணப்பட்டது."

இதை ஒரு சொல் மாற்றாமல் அச்சிடுங்கள். இரண்டு அவதானங்களும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால், செவ்வாய்க்கிழமை அச்சான தாள் என்னிடம் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திரைக்குப் பின்னாலும் வர மாட்டேன், முன்னாலும் வர மாட்டேன். மாரியோன் இப்போது இங்கே எங்களோடு இருக்கிறாள். ரூவானில்தான் அவளுக்குத் தடை. என் பிரசவத்தை அவள் பார்ப்பாள்.

பெரெத்


ரூவான்,
ஆகஸ்ட் 17

பெரெத்துக்கு,

நாலு மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன். போன வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்ததாகப் புளாஞ்ச் எழுதியிருந்தார்கள். இருவரும் நலம் என்றும் எழுதியிருந்தார்கள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று அவர்கள் எழுதவில்லை.

ஜாடி இப்போது இல்லை. கர்ப்பிணியான உன் கடிதங்களையும் அதையும் ஒரே அறையில் வைத்திருக்க முடியவில்லை. தூக்கிலிட்டவர்களைப் புதைக்கும் மதிலோரத்தில் அவள் கிடக்கும் இடத்தைக் காவலன் காட்டினான். நானே தோண்டினேன். அவளும் புனித மண்ணுக்கு வெளியேதான் கிடக்கிறாள். அதனால் ஞானஸ்நானம் பெறாத அந்தப் பிள்ளைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வைத்தியர்கள் ஜாடியைக் கேட்டார்கள். உடைந்துவிட்டது என்றேன்.

உன் அவதானங்கள் இரண்டையும் ஒரு சொல் மாற்றாமல் அச்சகத்தில் கொடுத்தேன். சத்தியமாக. அச்சுக்காரர் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஐயா, இதுல இந்த சமையலறை வரி எதுக்கு? இத எடுத்துட்டா மத்ததெல்லாம் பிரமாதமா நிக்குது. இது இருந்தா, பேராசிரியர் அனுமதிக் கையெழுத்த வாபஸ் வாங்கிருவாரு. உங்க சங்கத்துலயும் உங்கள உட்காரவிட மாட்டாங்க. அப்புறம் நீங்க சவரக் கடை வெக்க வேண்டியதுதான்" என்றார்.

பிழைதிருத்தும் தாள் என் முன்னால் கிடக்கிறது. அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டால் புத்தகம் வரும். போடாவிட்டால் புத்தகம் வந்தாலும் நான் சங்கத்தில் இருக்க மாட்டேன். இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். அந்த வரி போனாலும் ரத்தத்தைப் பற்றிய உண்மை அப்படியே இருக்கிறது. பெண்கள் பிழைப்பார்கள். மாரியோன் சொன்னது சரி என்பதும் இருக்கிறது. போவது என் பெயர் ஒன்றுதான்.

எடுக்கலாமா, பெரெத்? நீ சொல்வதைச் செய்கிறேன். ஒரே ஒரு சொல் எழுது.

மத்தூரின்


தியெப்,
ஆகஸ்ட் 22

மத்தூரின் அவர்களுக்கு,

பிள்ளையைப் புதைத்ததற்கு நன்றி. மாரியோனிடம் சொன்னேன். எழுந்துபோய்த் தொட்டிலைச் சரிசெய்தாள்.

குழந்தைக்குக் கறுப்பு முடி. விரல்கள் உங்களுடையவை, நீளமாக. நன்றாகப் பால் குடிக்கிறாள். பெயர் ஜிலெத். நாம் மறுபடி ஒரே வீட்டில் இருக்கும் நாள் வந்தால், நீங்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இவளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்ட ஒரு சொல்லை நான் எழுதப்போவதில்லை.

ஜனவரியில் இதேபோல் நான் உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் சொன்னீர்கள், நான் கையெழுத்துப் போட்டேன். அதனால் என்ன ஆனது என்று பார்த்தோம். இப்போது தாள் உங்கள் மேசையில் இருக்கிறது. மனைவியிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். அந்த வரியில் நீங்களே கை வைத்துப் பாருங்கள். உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று உங்கள் கைக்கே தெரியும்.

அச்சான பக்கத்தை அனுப்புங்கள். கடிதம் வேண்டாம், பக்கம் மட்டும் போதும். அதைப் படித்த பிறகு வண்டி ஏறுவதா வேண்டாமா என்று நானும் என் கையை வைத்தே பார்த்துக்கொள்கிறேன்.

சத்தியம் செய்த மருத்துவச்சி
பெரெத்